ராஜாவின் முதுகு

படப்பிடிப்பு வளாகத்தில் அவருக்கு 'முதுகு' என்று பெயர். வாசல் காவலரின் வருகை நோட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வந்த புதிதில் அவர் அங்கே சுவர் பூசுகிறவர். மரச்சட்டத்தில் சாக்கை அறைந்து, அதன்மேல் சுண்ணாம்புக் கலவையை அப்பி, கல்லுக்குக் கல் கோடு கீறி, பாசி படிந்த மாதிரி பச்சை தெளித்தால் கோட்டை ரெடி. ஒருநாள் மதியம் ஏணியை விட்டு இறங்கி, இடுப்பில் கைவைத்துத் தான் பூசிய சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து உதவி இயக்குநர் ஒருவர் ஓடிவந்து, "சார், ஷாட் ரெடி சார், உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திட்டிருக்காங்க" என்றார் பவ்வியமாக. இவர் திரும்பினார். கதாநாயகன் என்று நினைத்துவிட்ட உதவி இயக்குநரின் முகம் போன போக்கைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தாளை மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லு" என்றார்.

அன்றைக்குத் திரும்பி நின்றவர் பதினொரு வருடம் திரும்பியே நின்றார்.

இவர் யாருக்கு முதுகானாரோ, அந்த நடிகரைத் தெரியாத வீடு கிடையாது. சட்டை பேண்ட் போட்டு நடித்த படங்களில் அவர் அப்படியொன்றும் எடுபடவில்லை. தலையில் கிரீடம் ஏறினால்தான் ஆளே மாறுவார். முதலில் நாடு கடத்தப்பட்ட இளவரசன். அடுத்து, போரில் ஒரு கையை இழந்த தளபதி. பிறகு தொலைக்காட்சி கூப்பிட்டது. தம்பிக்கு அரியணையை விட்டுக்கொடுத்துவிட்டு ஆயுள் முழுக்க அதை நினைத்துப் பொருமுகிற மன்னனாக நானூற்றுச் சொச்சம் பகுதிகள் நடித்தார். அந்தத் தொடர் ஓடுகிற நேரத்தில் அழைப்பு மணி அடித்தால் எந்த வீட்டிலும் கதவு திறக்காது.

நடிகர் முகத்தால் நடித்ததை இவர் முதுகால் நடிக்க வேண்டும். யாரும் சொல்லித்தரவில்லை. ஓரமாக நின்று பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். இளவரசனுக்கு முதுகு நிமிர்ந்திருக்கும், கழுத்து மட்டும் வீட்டுப் பக்கம் திரும்பத் துடிக்கும். ஒற்றைக்கைத் தளபதிக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும், மற்றது அதற்கும் சேர்த்து உழைக்கும். பொருமுகிற மன்னனுக்கு இரண்டு தோள்களும் எந்நேரமும் காதுக்குப் பக்கத்தில். வீட்டில் மகள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது அவரு... இதுவும் அவரு... இதோ, எங்கப்பா!" என்று தோழிகளுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டுவாள். அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. "வெறும் முதுகுதானேடி" என்பார்கள்.

பேட்டிகளில் நடிகர், "குதிரைச் சவாரி, வாள்சண்டை எல்லாம் நானேதான்" என்று கூசாமல் சொல்வார். இவருக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. குதிரைமேல் இருக்கும்போது கிடைத்த சந்தோஷம் இவருடையது, அதை யாரும் பேட்டி கொடுத்து எடுத்துக்கொள்ள முடியாது.

குதிரையேற்றம் கற்றுத்தந்தது லாயத்து அக்கா. படங்களுக்குக் குதிரைகளை வாடகைக்கு விடுகிற லாயத்தை நடத்துகிறவர். ஆள் குட்டை, குரல் மட்டும் நாலு ஆள் உயரம். "குதிரைக்குக் காது ரெண்டு, கண்ணு ரெண்டு, ஆனா உன் மனசைப் பாக்கறது முதுகால. நீ நடுங்கினா உனக்கு முன்னாடியே அதுக்குத் தெரியும்" என்பார். இவருக்கு அப்போது நடுக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. மேகம் என்ற சாம்பல் நிறப் பெண்குதிரையில் ஏறி உட்கார்ந்தால், ஏதோ பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தவர் மாதிரி இருப்பார்.

விழுந்தது ஒரு காலை வேளையில். ஆற்றைக் கடக்கிற காட்சி. முழங்கால் அளவுத் தண்ணீர், பத்துத் தடவை கடந்த இடம்தான். நடு ஆற்றில் மேகத்தின் முன்கால் ஒரு குழிக்குள் இறங்கியது. இவர் தண்ணீரில் விழுந்தார், குதிரை இவர்மேல் புரண்டது. எவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டார்கள். மூன்று நொடி இருக்கும் என்றார்கள் கரையில் நின்றவர்கள். அந்த மூன்று நொடியில் இவர் கண்ணைத் திறந்து பார்த்தது குதிரையின் வயிற்றை. வானத்தை மூடியபடி அது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சேணத்தின் இரும்புக் கொக்கி கல்லில் உரசுகிற சத்தம் தண்ணீருக்குள் மணி அடிப்பது போலக் கேட்டது. மார்பில் ஏதோ முறிந்தது. கத்த வாயைத் திறந்தார், ஆறு உள்ளே வந்தது.

மூன்று விலா எலும்பு, ஒரு காறை எலும்பு. குதிரைக்கு ஒரு கீறல் இல்லை.

நான்கு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "புதுசு மாதிரி ஆயிடுச்சு, இனி பழையபடி வேலைக்குப் போகலாம்" என்றார். இவரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார். மருத்துவமனை வாசலில் பேருந்து ஒன்று காற்றுப் பிரேக்கை விட்டு 'புஸ்ஸ்' என்று மூச்சுவிட்டது. அடுத்த கணம் இவர் நடைபாதையில், ஒரு தபால் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படி அங்கே போனார் என்று தெரியவில்லை.

பழக்கம் விட்டுப்போனதால் அப்படி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுநாள் லாயத்துக்குப் போனார். வாசலிலேயே வைக்கோலும் மூத்திரமும் கலந்த அந்த வாடை வந்தது. பதினொரு வருடம் பிடித்திருந்த வாடை. வாயில் தண்ணீர் ஊறி, ஆற்றுத் தண்ணீரின் ருசி வந்தது. உள்ளே மேகம் தலையை ஆட்டியதில் கடிவாளம் கிணுங்கியது. இவர் திரும்பி, சந்து முனை வரை நடந்து, ஒரு சுவரைப் பார்த்து நின்று கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு அக்காவுக்குப் போன் செய்து வயிற்று வலி என்றார்.

அந்த வயிற்று வலி இரண்டு மாதம் நீடித்தது. சில நாள் அது முதுகு வலியாக மாறும், சில நாள் தலைசுற்றல். நிற்கிற ஷாட், நடக்கிற ஷாட், அரியணையில் உட்காருகிற ஷாட் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். குதிரை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கழிப்பறைப் பக்கம் போய்விடுவார். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கதவுக்கு வெளியே யாராவது தன்னைத் தேடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாற்பத்தாறு வயது மனிதர். யாருக்காவது தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? இந்த மாதிரி முதுகுக்கு ஊரில் பஞ்சமா? பயம் ஒன்றாக இருந்தது இரண்டாயிற்று. குதிரையைப் பற்றிய பயம், அந்தப் பயம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்.

மனைவியிடம் மறைக்க முடியவில்லை. அவர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவர். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்தபடியே, "கையை எடுங்க" என்றார்.

"என்ன?"

"மேசையைப் பிடிச்சிருக்கீங்களே, அந்தக் கையை. விரல் வெளுத்துப் போச்சு பாருங்க."

இவர் பார்த்தார். நிஜம்தான்.

"பதினாறு வருஷமா அந்த ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கேன். பயந்தவங்க நாற்காலியை எப்படிப் பிடிப்பாங்கன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வயித்து வலியாம், வயித்து வலி. குதிரைன்னா பயம்னு சொன்னா என்ன, நாக்கா அறுந்துடும்?"

"சத்தமா பேசாத, பொண்ணு இருக்கா."

"அவளுக்கு என்னைக்கோ தெரியும். தெரியாத மாதிரி இருக்கா, பாவம்."

இவர் எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பிடாமலே கை கழுவினோம் என்பது குழாயை மூடிய பிறகுதான் உறைத்தது. மனைவி பின்னாலேயே வந்து நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயமா இருக்குன்னு முதல்லயே சொல்றவங்களை டாக்டர் மெதுவா பாப்பாரு. சொல்லாம விறைச்சுக்கிட்டு உக்கார்றாங்க பாருங்க, அவங்கதான் பாதியில தலையைச் சட்டுனு இழுத்து ஊசியை முறிக்கிறவங்க. நீங்க யாரு ஊசியை முறிக்கப் போறீங்களோ!"

அடுத்த வாரம் நடிகரிடமிருந்து அழைப்பு வந்தது. ஒப்பனை அறைக்கு வரச் சொன்னார். தெரிந்துவிட்டது, அவ்வளவுதான், சீட்டைக் கிழிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனார்.

நடிகர் பாதி தாடியோடு கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். ஒப்பனைக்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டார். பிறகு தன் செல்போனை நீட்டினார். யாரோ ஒரு குறும்புக்காரன் அவருடைய தொடர்களில் வருகிற சவாரிக் காட்சிகளையெல்லாம் வெட்டி ஒட்டி ஒரு வீடியோ செய்திருந்தான். எல்லாம் முதுகு. வரிசையாக முதுகு. அடியில், 'ராஜா போருக்குப் போகிறார், முகத்தை வீட்டில் மறந்துவிட்டார்' என்று எழுதியிருந்தது. லட்சக்கணக்கான பேர் பார்த்துச் சிரித்திருந்தார்கள்.

"சேனல்காரங்களும் பாத்துட்டாங்க. இப்ப புதுத் தொடரோட கடைசிப் போர்ல நான் நாலுகால் பாய்ச்சல்ல வரணுமாம். முன்பக்கமா. முகம் தெரிய. ஒரே ஷாட்டுல" என்றார் நடிகர். தாடி ஒட்டாத பக்கத்துக் கன்னம் துடித்தது. "பதினோரு வருஷமா நான் உக்காந்தது மரப்பீப்பாய் மேல. ரெண்டு பேர் அதை ஆட்டுவாங்க, நான் வசனம் பேசுவேன். உயிரோட இருக்கிற குதிரைகிட்ட ஒரு தடவை போனேன், முதல் படத்துல. அது என்னைத் திரும்பிப் பாத்துச்சு. அதோட சரி."

இவர் வீடியோவை நிறுத்திவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குப் பயம். போதுமா? இதை என் வீட்டுக்காரிகிட்டகூட சொன்னதில்ல. அஞ்சு நாள் இருக்கு. நீங்கதான் எனக்குக் கத்துக்கொடுக்கணும்."

'நீ' என்று கூப்பிட்டுப் பழகியவர் 'நீங்க' என்றதுதான் இவரை மடக்கியது. "சரி சார்" என்று வாய் சொல்லிவிட்டது. வெளியே வந்ததும் அந்த வாயை அறையலாம் போலிருந்தது.

லாயத்துக்குப் பின்னால் வேலி போட்ட மணல் திடல் ஒன்று உண்டு. மறுநாள் காலை அங்கே மூன்று பேர்தான். நடிகர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்திருந்தார். லாயத்து அக்கா குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பார்த்தால், மேகம்.

"இதைவிடச் சாது நம்மகிட்ட இல்ல. அன்னைக்கு நடந்தது அதோட தப்பு இல்லப்பா" என்றார் அக்கா இவரைப் பார்த்து.

"முதல்ல நீங்க ஏறிக் காட்டுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் நடிகர்.

இவர் போனார். சேணத்தில் கை வைத்தார். கால் வைக்கிற இரும்பு வளையத்துக்குள் இடது காலை நுழைத்தார். வலது காலைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான் மிச்சம். ஆயிரம் தடவை எடுத்த கால். அது எழவில்லை. மேகத்தின் வயிறு மூச்சுக்கு மூச்சு விரிந்து இவருடைய மார்பைத் தொட்டது. விலா எலும்புகள் அந்தத் தொடலை அடையாளம் கண்டுகொண்டன. டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கிருந்து என்று பார்த்தார். தன் கால் நடுங்குகிற நடுக்கத்தில் இரும்பு வளையம் கொக்கியில் மோதுகிற சத்தம். குதிரை காதைப் பின்னால் மடக்கி ஓரடி நகர்ந்தது. இவர் காலை உருவிக்கொண்டு பின்னால் பாய்ந்து, மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"வயித்து வலி" என்றார் தரையைப் பார்த்து.

அக்கா குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி வேறு எங்கோ பார்த்தார். நடிகர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். குதிரைக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார்.

"உங்களுக்குமா?"

இவர் தலையை மட்டும் அசைத்தார். வெட்கத்தில் காது எரிந்தது.

"நல்ல ஜோடி வாச்சீங்கப்பா" என்றார் லாயத்து அக்கா. "ராஜாவுக்கும் பயம், ராஜாவோட முதுகுக்கும் பயம். மிச்சம் இருக்கிறது நானும் இந்தக் குதிரையும்தான். வாங்க, எழுந்திரிங்க."

அக்காதான் கற்றுத்தந்தார். நடிகரை அவர் ஏற்றினார். இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும் என்றார். கயிற்றின் முழு நீளத்தையும் விட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார் இவர். குதிரை தும்மினால் மூன்று பேரில் இரண்டு பேர் குதித்தார்கள். இரண்டாம் நாள் கயிறு பாதியாயிற்று. மூன்றாம் நாள் மேகம் தன் மூக்கை இவருடைய பிடரியில் வைத்தபோது உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, ஆனால் கயிற்றை விடவில்லை. ஐந்தாம் நாள் முடிவில் நடிகரால் குதிரை நடக்கிறபோது விழாமல் உட்கார முடிந்தது. கொஞ்சம் ஓட்டமும் நடையுமாகப் போனால், கண்ணை மூடிக்கொள்வார். நாலுகால் பாய்ச்சல் என்பது கனவில்கூட நடக்காது. இவரோ ஒரு தடவைகூட ஏறவில்லை.

படப்பிடிப்பு நாள் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் மேடு. கீழே கேமரா. மேலே ஐம்பது குதிரைகள், அவற்றின்மேல் கவசம் போட்ட ஐம்பது சவாரிக்காரர்கள், எல்லாருக்கும் முன்னால் மேகத்தின்மேல் நடிகர். பக்கத்தில் கடிவாளத்தைப் பிடித்தபடி இவர். தேவைப்பட்டால் பின்பக்கத்திலிருந்தும் எடுப்பதற்காக இவருக்கும் அதே கவசம், அதே ஒட்டுத்தாடி. இருநூறு பேர் வேலை செய்கிறார்கள், சேனல்காரர்கள் குடை நிழலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

"சார், கை காட்டினதும் நாலுகால் பாய்ச்சல். பின்னாடியே அம்பதும் வரும். நேரா கேமராவைப் பாத்து வாங்க. செஞ்சிடலாமா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார் இயக்குநர்.

இருநூறு பேருக்கு நடுவில் ஒரு ராஜா என்ன சொல்ல முடியும்? "செஞ்சிடலாம்" என்றார் நடிகர். உதடு சாம்பல் பூத்திருந்தது.

இவர் நடிகரின் கையைப் பார்த்தார். கடிவாள வாரை ஒரு சாண் அளவுக்கு இழுத்துச் சுருட்டி, அதோடு பிடரி மயிரையும் சேர்த்துக் கொத்தாகப் பற்றியிருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. மேகத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காதுகள் பின்னால் ஒட்டிக்கொள்ள, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதித்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. இவருக்கு அடுத்து நடக்கப்போவது முழுதாகத் தெரிந்தது. பத்து அடி போகும், வாரை இழுப்பார், குதிரை தலையைத் தூக்கும், அவர் விழுவார். பின்னால் ஐம்பது குதிரை. இருநூறு குளம்பு.

"முதுகு, விலகு!" என்றது ஒலிபெருக்கி.

இவர் விலகவில்லை. துணிந்து நின்றாரா, விலகப் பயந்தாரா என்று இவருக்கே தெரியாது. கை கடிவாளத்தை விட மறுத்தது.

"யோவ் முதுகு! காது கேக்கலையா? வெளிச்சம் போயிட்டிருக்கு!"

"விட மாட்டேன் சார்." குரல் கீச்சென்று வந்தது.

இயக்குநர் ஒலிபெருக்கியை வீசிவிட்டு மேட்டில் ஏறி வந்தார். வருகிற வேகத்தைப் பார்த்தபோதே இவருக்கு வயிறு கலங்கியது. இந்தத் தடவை நிஜமாகவே. "என்னய்யா பிரச்சினை உனக்கு?"

"பயமா இருக்கு சார்."

"உனக்கென்ன பயம்? நீயா ஓட்டப் போற?"

சவாரிக்காரர்கள் சிரித்தார்கள். இவர் நடிகரை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது. சொல்லிவிடாதே என்கிற கெஞ்சலா, சொல்லிவிடு என்கிற கெஞ்சலா, பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"எனக்குத்தான் சார் பயம். ஆத்துல விழுந்ததுலேருந்து குதிரை மேல ஏற முடியல. வயித்து வலின்னு சொன்னதெல்லாம் பொய். ரெண்டு மாசமா கக்கூஸ்ல ஒளிஞ்சிருந்தேன். இந்தக் குதிரை இப்ப சரியில்ல சார். கண்ணைப் பாருங்க, காதைப் பாருங்க. இதை ஓட விட்டா யாராவது செத்துப்போவாங்க. நான் விட மாட்டேன்."

சொல்லி முடித்தபோது கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஒட்டுத்தாடிக்குள் இறங்கி அரித்தது. துடைக்க ஒரு கை வேண்டும். இரண்டு கையும் கடிவாளத்தில் இருந்தன.

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. 'கக்கூஸ்' என்ற வார்த்தை வரிசை வரிசையாகப் பின்னால் போவது இவர் காதிலேயே விழுந்தது. அப்போது லாயத்து அக்கா வந்து மேகத்தின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். "அவர் சொல்றது சரிதான். என் குதிரை ஓடாது. நடக்கச் சொல்லுங்க, நடக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் நடிகர் பேசினார். தன் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராஜாவின் குரலில், நிதானமாக, "ஏன் ஓடணும்? கடைசிப் போர். திரும்பி வர மாட்டோம்னு ராஜாவுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் அவசரமாவா போவான்? நடந்தே போறேன்" என்றார்.

இயக்குநர் அவரைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், இறங்குகிற வெயிலைப் பார்த்தார். "சரி, நடங்க" என்றார் சலிப்போடு.

ஆனால் நடப்பதற்கும் குதிரையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் கேமராவுக்குத் தெரியக் கூடாது. குதிரையின் முதுகிலிருந்து தரை வரை தொங்கிய அலங்கார நீலத் துணிக்குள், கேமரா பார்க்காத பக்கத்தில், குனிந்துகொண்டே கூட நடக்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் மடங்காது. நடிகர் மேலிருந்து மெல்லிய குரலில், "நீங்களே வாங்க" என்றார். உதடு அசையாமல் சொன்னார்.

கேமரா வரை எண்பது தப்படி இருக்கும். இவர் குனிந்தார். துணிக்கும் குதிரையின் விலாவுக்கும் நடுவில் தலையைக் கொடுத்தார். வெளிச்சம் போய், எல்லாம் நீலமாயிற்று. தண்ணீருக்குள் இருந்த அதே நீலம். தலைக்கு மேலே அதே வயிறு. கொக்கி கிணுங்கியது. கண்ணெதிரே ஒரு சாண் தூரத்தில் குளம்பு எழுந்தது, விழுந்தது. கூடவே இவர் கால் எழுந்தது, விழுந்தது. பின்னால் இருநூறு குளம்பு நடக்கிற அதிர்வு உள்ளங்கால் வழியே ஏறிப் பல்லில் முடிந்தது. வாய்க்குள் ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். மகளின் பெயர், மனைவியின் பெயர், பிறகு வெறும் எண்கள். நாற்பதாவது தப்படியில் மேலிருந்து ஒரு கை இறங்கி, கயிற்றைப் பிடித்திருந்த இவர் முஷ்டியின்மேல் விழுந்தது. பனிக்கட்டி மாதிரி சில்லிட்ட கை. இருக்கிறீர்களா என்று கேட்பது போல ஒரு தடவை அழுத்திவிட்டு மேலே போயிற்று.

"கட்!" என்று கேட்டதும் இவர் வெளியே உருண்டு விழுந்து, அட்டைப் பாறைகளுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தியெடுத்தார்.

அந்த ஷாட்டைத் தொடரின் கடைசிப் பகுதியில் போட்டார்கள். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. சாகப் போகிறோம் என்று தெரிந்த மனிதனின் கண்களை இப்படி யாரும் காட்டியதில்லை என்று எழுதினார்கள். நடிகருக்கு விருது கிடைத்தது. பேட்டியில், "அந்தப் பார்வைக்காக அஞ்சு நாள் தனியா தயாரானேன்" என்றார். இவருடைய மனைவி தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

இவருக்கு விருதும் இல்லை, வீரமும் திரும்பி வரவில்லை. சவாரிக்கு வேறொருவரைப் பிடித்தார்கள். அடுத்த ஒரு மாதம் இவர் டீ டம்ளரைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து யாராவது பின்னாலிருந்து, "குதிரை வருது, குதிரை வருது!" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் டீ சட்டையில் கொட்டும். தெரிந்தே ஏமாந்தார், உடம்பு கேட்டால்தானே? ஒருநாள் நடிகர் முழு அலங்காரத்தோடு அந்தப் பக்கம் வந்தார். இவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு டீ கேட்டு வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்து போனார். அதோடு அந்த விளையாட்டு நின்றது.

நிற்கிற முதுகும் நடக்கிற முதுகும் இன்னும் இவருடையதுதான். கேலிக்கு ஆளான பிறகு ஒன்று மட்டும் மாறியது. கழிப்பறையில் ஒளிய வேண்டியிருக்கவில்லை. குதிரை இருக்கிற காட்சி என்றால் நேராக இயக்குநரிடம் போய், "எனக்கு ஆகாது சார், பயம்" என்று சொல்லிவிடுவார். சொல்லும்போது இன்னமும் குரல் கீச்சென்றுதான் வரும்.

ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் நடிகரே போன் செய்தார். "அடுத்தது துறவி வேஷம். அரண்மனையை விட்டுட்டுக் காட்டுக்குப் போறவர். கதையில ஒரு குதிரைகூட இல்ல. கேட்டுட்டுத்தான் ஒத்துக்கிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கிற சத்தம் கேட்டது. "ஒரே ஒரு யானை வருதாம்" என்றார் நடிகர். "தூரத்துலதான் நிக்கும்னு சொல்றாங்க."

"எவ்வளவு தூரத்துல சார்?"

"அதைத்தான் நானும் கேட்டிருக்கேன்" என்றார் நடிகர். "இன்னும் பதில் வரல."

பதில் வருகிற வரை இரண்டு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை.